குட்டை ரிவால்வர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்கள் சிலர் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், சிலர் வாங்க யோசிக்கிறார்கள். 'ஸ்னப்' எனப்படும் குட்டை ரிவால்வரைப் பற்றி அவர்கள் சுடுதளத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்ட வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். சட்டம் பற்றிய பதில்கள் அமெரிக்காவுக்கு மட்டுமே பொருந்தும். இந்தியா பற்றிய கேள்விகள் கடைசியில் இருக்கின்றன.

ஸ்னப்னா என்ன? குட்டையா இருக்கிற எல்லா ரிவால்வரும் ஸ்னப்தானா?

பேரல் (குண்டு வெளியேறும் குழல்) இரண்டு அங்குலத்தை ஒட்டி இருந்தால் ஸ்னப் என்பார்கள். மூன்று அங்குலத்தைத் தாண்டிவிட்டால் அந்தப் பெயர் ஒட்டாது. இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது 1927இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷல். அதில் ஆறு தோட்டா. 1950இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஐந்து தோட்டா கொள்ளும் சீஃப்ஸ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தது. ஒரு தோட்டா குறைந்ததால், தோட்டா அறைகளோடு சுழலும் சிலிண்டரின் தடிமனும் குறைந்து, பாக்கெட்டுக்குள் போகும் அளவு வந்தது. அந்த ரிவால்வரின் உலோகச் சட்டத்துக்கு (ஃபிரேம்) 'ஜே ஃபிரேம்' என்று பெயர். இன்று கடையில் அதிகம் பார்க்கும் 642, 442, 640 எல்லாம் அந்த வம்சம்தான். போட்டிக்கு ரூகர் எல்சிஆர், ரூகர் எஸ்பி101, டாரஸ் 85 ஆகியவை உண்டு. இந்தப் பக்கத்தில் பேசுவது பெரும்பாலும் .38 ஸ்பெஷல் தோட்டா போடும் ஐந்து அறை ரிவால்வரைப் பற்றி.

நான் ஹெச்1பி விசாவில இருக்கேன். வாங்கலாமா?

பொதுவாக முடியாது. குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஹெச்1பி, ஹெச்4, எல்1, எஃப்1 எல்லாம் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் 'நண்பன் ஒருத்தன் அப்படித்தான் வாங்கினான்' என்பதை நம்பி இறங்காதீர்கள், குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் நாடுகடத்தவே அது காரணமாகலாம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும், வசிக்கும் மாநிலத்திலேயே வாங்க வேண்டும்.

இதுதான் எனக்கு முதல் துப்பாக்கி. சின்னதா இருக்கு, பழக ஈஸியா இருக்கும்தானே?

நேர்மாறு. இயக்கம் எளிது என்பது உண்மை. திற, போடு, மூடு, இழு, அவ்வளவுதான். சரியாகச் சுடுவதுதான் கடினம். 642 சுமார் 410 கிராம். அதன் ட்ரிகரை இழுக்க ஏறத்தாழ ஐந்தரை கிலோ விசை வேண்டும். தன் எடையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் இழுக்கப்படும் பொருள் கையில் அசையாமல் இருக்குமா? அதோடு குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் நடுவில் தூரம் மிகக் குறைவு. முன்குறி மயிரிழை விலகினாலும் ஏழு கஜத்தில் குண்டு எங்கோ போய் விழும்.

முதலில் நான்கு அங்குல பேரல் உள்ள கனமான .38 அல்லது .22 ரிவால்வரைச் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து, ட்ரிகர் இழுப்பதைப் பழகுங்கள். கை படிந்த பிறகு ஸ்னப்புக்கு வாருங்கள். ஸ்னப் தொடக்கக்காரருக்கான துப்பாக்கி என்று யாராவது சொன்னால், அவர் அதை அதிகம் சுட்டதில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

என் மனைவிக்கு இருக்கிறதிலேயே லேசானதா எடுக்கச் சொல்றார் கடைக்காரர். சரியா?

அவரிடம், 'நீங்கள் இதில் ஒரு பெட்டி தோட்டாவை ஒரே மூச்சில் சுடுவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின், ஸ்காண்டியம் உலோகம் கலந்த 340பிடி சுமார் 335 கிராம். முழு எஃகில் செய்த 640 சுமார் 630 கிராம், ரூகர் எஸ்பி101 ஏறத்தாழ 735 கிராம். ஒரே தோட்டாவை மூன்றிலும் போட்டால் லேசானதுதான் உள்ளங்கையை அறையும். வலித்தால் பயிற்சி நின்றுபோகும். பயிற்சி நின்றால் துப்பாக்கி அலமாரியில் தூங்கும்.

பெண்களுக்கு உண்மையில் தடையாக வருவது வேறு: நீளமான, கடினமான ட்ரிகர். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு ட்ரிகரில் பதிகிறதா, துப்பாக்கி அதிகம் ஆடாமல் ஐந்து தடவை தொடர்ந்து இழுக்க முடிகிறதா என்று வாங்கப்போகிறவரே கடையில் பார்க்க வேண்டும். எல்சிஆரின் ட்ரிகர் இழுப்பு பலருக்கு வழவழப்பாகத் தெரியும். மனைவிக்கான துப்பாக்கியைக் கணவர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் சரிப்பட்டு வருவதில்லை.

ஹேமர் வெளிய தெரியறது நல்லதா, உள்ள மறைஞ்சதா?

பாக்கெட்டில் வைப்பதானால் மறைந்ததுதான். வெளியே நீட்டும் ஹேமர் (தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியல்) துணியில் மாட்டும். 642, 442, 640, எல்சிஆர் எல்லாம் மறைந்த வகை. ஹேமரைக் கையால் பின்னுக்கு இழுத்து லேசான ட்ரிகரில் சுடும் வசதி இவற்றில் இல்லை. அது ஒரு குறையே அல்ல. பதற்றத்தில் ஹேமரை இழுத்துவிட்டு, பிறகு சுடத் தேவையில்லை என்று ஆகும்போது அதைத் திரும்ப இறக்குவதில்தான் விபத்து நடக்கிறது.

.357 மேக்னம் மாடல் வாங்கினா ரெண்டும் போடலாமே? அதானே லாபம்?

போடலாம். .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் சுடலாம். .38 ரிவால்வரில் .357 போகாது, போகவும் கூடாது. .357இன் கூடு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளம் வைத்திருப்பதே இந்தத் தவறு நடக்காமலிருக்கத்தான். சாதாரண .38இன் அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்), கூடுதல் அழுத்தத் தோட்டாவான பிளஸ் பி என்றால் 20,000, .357க்கு 35,000. எஃகு எஸ்பி101இல் .357 சுடுவது சிரமம், ஆனால் முடியும். 335 கிராம் ரிவால்வரில் சுட்டால் இரண்டாவது குண்டுக்குக் குறி திரும்ப வந்து சேர நேரமாகும், வெடிச்சத்தமும் தீப்பிழம்பும் தனி.

கனமாக இருக்கிறது என்பதற்காக .357 மாடலையே வாங்கி, அதில் .38 மட்டும் போடுகிறவர்கள் பலர். நல்ல யோசனைதான். ஒரு விஷயம்: .38ஐ நிறையச் சுட்டால் அறைக்குள் வளையம்போல் கரி படியும். அதன்மேல் நீளமான .357 போட்டால் இறுகும். பித்தளைத் தூரிகையால் அறைகளைத் தேய்த்துவிட்டு மாற்றுங்கள்.

எந்தத் தோட்டா போடறது? பிளஸ் பி கட்டாயமா?

கட்டாயமில்லை. குட்டை பேரலில் குண்டுக்கு வேகம் எடுக்க இடமே இல்லை. அதனால் நீள பேரலில் விரியும் ஹாலோபாயிண்ட் (மூக்கில் குழியுள்ள குண்டு) இதில் விரியாமல் போகலாம். இதற்கென்றே வடிவமைத்தவை உண்டு. ஸ்பீர் கோல்ட் டாட்டின் 135 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குட்டை பேரல் தோட்டா, ஃபெடரலின் 130 கிரெய்ன் ஹெச்எஸ்டி மைக்ரோ ஆகியவை பரவலாகக் கிடைக்கும். உதை தாங்காதவர்கள் 148 கிரெய்ன் வாட்கட்டரையே எடுத்துச் செல்வதும் உண்டு. தட்டையான முகம், மெதுவான வேகம், மிகக் குறைந்த உதை. அதன் குறை மறுநிரப்பலில் தெரியும்: மூக்கு கூராக இல்லாததால் அறைக்குள் சட்டென்று வழுக்கிப் போகாது.

பேரலில் பிளஸ் பி என்று பொறித்திருந்தால் மட்டுமே அதைப் போடுங்கள். பழைய அலுமினியச் சட்ட ரிவால்வர்களில் வேண்டாம். எதை எடுத்துச் செல்லப்போகிறீர்களோ அதைச் சில தடவை ஐந்தைந்தாகச் சுட்டு, குண்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். நிலையான குறிகள் பெரும்பாலும் 158 கிரெய்னை மனதில் வைத்து அமைத்தவை. லேசான குண்டு சற்றுக் கீழே விழும். நியூ ஜெர்சியில் வெளியே ஹாலோபாயிண்ட் எடுத்துச் செல்வதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு, அங்கிருப்பவர்கள் நடப்பு விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பிஸ்டல்ல கட்டைவிரல் ரெண்டையும் முன்னாடி நீட்டிப் பிடிப்பேன். இதுலயும் அப்படியே பிடிக்கலாமா?

கூடாது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவில் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. ஒவ்வொரு வெடிப்பிலும் அதன் வழியே சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் பீய்ச்சும். விரல் அங்கே இருந்தால் தோல் கிழியும்.

கிரிப்பின் பின்பக்கத்தில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். வலது கட்டைவிரலைக் கீழ்நோக்கி மடக்குங்கள். இடது கட்டைவிரல் அதன்மேல் குறுக்காக அமரட்டும். சுண்டுவிரல் தொங்கினால் சற்று நீளமான ரப்பர் கிரிப் மாற்றலாம். மறைப்பது கொஞ்சம் கடினமாகும், சுடுவது நிறையச் சுலபமாகும்.

குண்டெல்லாம் கீழ இடது பக்கமா போகுது. குறி தப்பா இருக்கா?

வலதுகைக்காரருக்கு இது பெரும்பாலும் குறியின் தப்பு அல்ல, வெடிக்கும் முன்பே கை பயந்து அழுத்துவதுதான். கண்டுபிடிக்கும் வழி: இன்னொருவரை விட்டு ஐந்து அறைகளில் மூன்று தோட்டா, இரண்டு போலித் தோட்டா கலந்து போட்டு சிலிண்டரை மூடித் தரச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது வெடிக்காது, ஆனால் முன்குறி முங்குவது கண்ணுக்குத் தெரியும்.

ட்ரிகரை நடுவில் நிறுத்தி நிறுத்தி இழுக்காதீர்கள். ஒரே சீராகப் பின்னுக்கு உருட்டுங்கள். விரல் நுனி இல்லாமல் முதல் மடிப்பு ட்ரிகரில் படட்டும். வெடித்ததும் ட்ரிகர் முழுவதும் முன்னே திரும்பும்வரை விடுங்கள். பாதி திரும்பும்போதே மறுபடி இழுத்தால் சிலிண்டர் சுழன்றும் வெடிக்காமல், ஒரு நல்ல தோட்டா தாண்டிப்போகும்.

தொடக்கத்தில் மூன்று கஜத்தில் ஒரு காகிதத் தட்டு. ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் ஐந்து கஜம், பிறகு ஏழு. ஒரு நாளைக்கு ஐம்பது தோட்டா போதும். அதற்குமேல் சோர்ந்த கை தப்பைத்தான் பழகும்.

தோட்டா இல்லாம வீட்டில ட்ரிகர் இழுத்துப் பழகினா கெட்டுப்போகாதா?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ரூகரின் இன்றைய .38 மாடல்களுக்கு ஒன்றும் ஆகாது. .22 போன்ற விளிம்பில் அடிக்கும் வகையில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் மோதும். ஸ்னப்புக்கு இதைவிடச் சிக்கனமான பயிற்சி கிடையாது. முன்குறியின்மேல் ஒரு பைசா நாணயத்தைச் சமன்செய்து வைத்து, விழாமல் பத்து தடவை இழுத்துப் பாருங்கள்.

செய்யும் முறை: சிலிண்டரைத் திறந்து ஐந்து அறைகளையும் கண்ணால் பாருங்கள், விரலால் தடவுங்கள். தோட்டா முழுவதையும் வேறு அறையில் வையுங்கள். குண்டு பாய்ந்தாலும் ஆபத்தில்லாத சுவரைக் குறியாக வையுங்கள். முடித்ததும் 'முடிந்தது' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். தோட்டாவைத் திரும்பப் போட்ட பிறகு 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று இழுப்பதில்தான் தொலைக்காட்சிப் பெட்டி உடைகிறது.

அஞ்சு தோட்டா போதுமா?

பெரும்பாலான நிலைமைகளில் ஒன்றுகூடத் தேவைப்படாது என்பதே நல்ல செய்தி. தேவைப்பட்டால் ஐந்தில் எத்தனை படும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், அதற்கான பதில் மேலே சொன்ன காகிதத் தட்டில் இருக்கிறது. ஐந்து குறைவு என்று மனம் ஒப்பாவிட்டால், ஆறு கொள்ளும் கிம்பர் கே6எஸ் அல்லது 2017இல் திரும்ப வந்த கோல்ட் கோப்ராவைப் பாருங்கள். அதுவும் போதாதென்றால் நீங்கள் தேடுவது ரிவால்வரையே அல்ல.

காலிக் கூடு முழுசா வெளிய வர மாட்டேங்குது. ரிப்பேரா?

இல்லை. பேரல் குட்டை என்பதால், காலிக் கூட்டைத் தள்ளும் எஜெக்டர் கம்பியும் குட்டை. கூட்டின் முழு நீளத்துக்கு அதால் தள்ள முடியாது. மெதுவாக அழுத்தினால் கூடுகள் பாதியில் நின்று தொங்கும். மிச்ச வேலையைப் புவியீர்ப்பும் உங்கள் அடியும் செய்ய வேண்டும். சிலிண்டரைத் திறந்து, துப்பாக்கியை இடது கைக்கு மாற்றி, பேரல் வானத்தைப் பார்க்கும்படி நேராக நிமிர்த்தி, வலது உள்ளங்கையால் கம்பியை ஒரே தடவை ஓங்கி அடியுங்கள்.

பேரலைத் தரையை நோக்கி வைத்துக்கொண்டு கம்பியை அழுத்தினால் இரண்டு தொல்லை. எரியாத வெடிமருந்துத் துகள், கம்பியோடு சேர்ந்து கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் விழும். அல்லது ஒரு கூட்டின் விளிம்பு நழுவி அந்தத் தகட்டுக்கு அடியில் போய்ச் சிக்கும். இரண்டாவது நடந்தால் சிலிண்டர் மூடாது, அடுத்த தோட்டாவும் போகாது. கம்பியை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி அந்தக் கூட்டை நகத்தால் பிடுங்கி எடுப்பது ஒன்றே வழி. அவசரத்தில் இது நடக்கவே கூடாத காரியம்.

ஸ்பீட்லோடரா, ரப்பர் ஸ்ட்ரிப்பா?

வேகம் வேண்டுமென்றால், ஐந்து தோட்டாவையும் ஒரே தடவையில் இறக்கும் ஸ்பீட்லோடர். ஹெச்கேஎஸ் வகையில் குமிழைத் திருக வேண்டும், சஃபாரிலேண்டில் அழுத்தினாலே தோட்டா விழுந்துவிடும். ஆனால் உருண்டையாக இருப்பதால் பாக்கெட்டில் துருத்தும். தோட்டாக்களை வரிசையாகப் பிடிக்கும் ரப்பர் பட்டையான ஸ்ட்ரிப் தட்டை, சட்டைப்பையில்கூட அடங்கும். இரண்டிரண்டாகத்தான் போட முடியும், மெதுவு. ஐந்தில் இரண்டு மட்டும் சுட்டிருந்தால் அந்த இரண்டை மட்டும் நிரப்புவதற்கு அது வசதி.

முந்தைய பதிலில் சொன்னபடி கூடுகளைத் தட்டிய பிறகு, பேரலைத் தரையை நோக்கித் திருப்பி, இடதுகை விரல்களால் சிலிண்டரை ஆடாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் தோட்டாவை இறக்குங்கள். மூடும்போது கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளி மூடுங்கள். சினிமாவில் மணிக்கட்டை வெட்டி 'சடக்' என்று மூடுவார்களே, அப்படிச் செய்தால் சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை நாளடைவில் வளைந்துவிடும். பெரிய கிரிப் மாட்டினால் இடதுபுறம் லோடர் அதில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரிவால்வர் ஜாமே ஆகாதுன்னு சொல்றாங்களே?

ஆகும். அரிதாக ஆகும், ஆனால் அப்படி ஆகிவிட்டால் பிஸ்டலைப்போல் ஸ்லைடை இழுத்துச் சரிசெய்ய முடியாது. நட்சத்திரத் தகட்டின்கீழ் துகள் சேர்ந்தால் சிலிண்டர் இறுகும். எஜெக்டர் கம்பி மரை கழன்று நீண்டால் சிலிண்டர் திறக்கவே திறக்காது. தோட்டாவின் அடியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் முழுவதும் பதியாமல் துருத்தியிருந்தால் பின்தகட்டில் உரசி நிற்கும். ட்ரிகரை இலகுவாக்குகிறேன் என்று ஸ்பிரிங்கை மாற்றினால் ப்ரைமரில் அடி பலமாக விழாது.

லேசான ரிவால்வருக்கே உரிய இன்னொரு கோளாறு உண்டு. உதை பலமாக இருக்கும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது, சுடப்படாத தோட்டாக்களின் கூடும் அதோடு போகிறது, குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் சரியாக இறுக்கப்படாமல் இருந்தால் குண்டு முன்னே நழுவி சிலிண்டரைத் தாண்டி நீட்டி, சுழலவிடாமல் தடுக்கும். 340பிடியில் 120 கிரெய்னுக்குக் குறைந்த .357 குண்டு போடாதே என்று எச்சரித்திருப்பதன் காரணம் வேறு, அதன் டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரித்துப்போகாமலிருக்க. சோதிக்க: ஒரு தோட்டாவின் நீளத்தை அளந்து, அதைக் கடைசியாகச் சுழன்று வரும் அறையில் வைத்து, மற்ற நான்கையும் சுட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு வேண்டாம்.

'க்ளிக்'னு மட்டும் சத்தம் வந்துச்சு, வெடிக்கல. உடனே திறந்து பார்க்கலாமா?

சுடுதளத்தில் என்றால் பேரலைக் குறிப்பலகையை நோக்கியே வைத்து முப்பது விநாடி பொறுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு திறந்து அந்தத் தோட்டாவைத் தனியே எடுத்து, ப்ரைமரில் பதிவு ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். லேசாக இருந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

'டப்' என்று சோகையாக ஒரு சத்தம் வந்து உதையும் இல்லாவிட்டால் அதைவிட ஆபத்து. குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கலாம். இன்னொரு தடவை இழுத்தால் பேரல் வெடிக்கலாம். உடனே நிறுத்திவிட்டு, தோட்டாக்களை எடுத்துவிட்டு, சுடுதள அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

சேஃப்டியே இல்லையே? ஒரு அறையைக் காலியா வெச்சுக்கணுமா?

நீளமான, கடினமான ட்ரிகர்தான் இதன் சேஃப்டி. அதனால்தான் அடுத்து சொல்லப்போகும் உறை அவ்வளவு முக்கியம். காலி அறை தேவையில்லை, ஐந்தும் நிரப்பலாம். ட்ரிகர் முழுவதும் இழுக்கப்பட்டால் தவிர ஹேமர் ப்ரைமரைத் தொட முடியாதபடி உள்ளே தடுப்பு இருக்கிறது. 1944இல் அமெரிக்கக் கப்பல் ஒன்றின் தளத்தில் ஒரு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்த பிறகு அந்தத் தடுப்பை நிறுவனம் மாற்றி அமைத்தது. மேற்கத்திய கௌபாய் பாணிப் பழைய ரிவால்வர்களுக்கு மட்டும் காலி அறை விதி இன்றும் பொருந்தும்.

பேன்ட் பாக்கெட்ல அப்படியே போட்டுக்கலாமா?

உறை இல்லாமல் ஒருபோதும் வேண்டாம். சாவியோ பேனாவோ ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்தால் போதும். பாக்கெட் ஹோல்ஸ்டர் ட்ரிகரை முழுவதும் மூட வேண்டும், துப்பாக்கியை எடுக்கும்போது அது பாக்கெட்டிலேயே தங்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதையும் வைக்காதீர்கள், சில்லறைகூட.

எடுக்கும்போது முஷ்டியாகப் பிடித்து இழுத்தால் கை பாக்கெட் வாயில் மாட்டிக்கொள்ளும். கட்டைவிரலைத் துப்பாக்கியின் பின்முதுகில் தட்டையாக வைத்துக்கொண்டு இழுங்கள், கையின் பருமன் குறைந்து வழுக்கி வரும். வெளியே வந்ததும் கட்டைவிரலை மடக்கிப் பிடி. இறுக்கமான ஜீன்ஸில் இது நடக்காது, உட்கார்ந்திருக்கும்போது எந்த பேன்ட்டிலும் கடினம். திரும்ப வைக்கும்போது உறையை வெளியே எடுத்து, துப்பாக்கியை அதில் செருகி, இரண்டையும் சேர்த்து உள்ளே வையுங்கள்.

இடுப்பா, கணுக்காலா? காரில நிறைய நேரம் உட்கார்றேன்.

எளிதில் எடுக்க இடுப்பு, பெல்ட்டுக்கு உள்பக்கம். காரிலேயே இருப்பவர்களுக்குக் கணுக்கால் ஒத்துவரும், நிற்கும்போது குனிந்தாக வேண்டும். ஓடினால் ஆடும். கைப்பையில் வைப்பதைப் பரிந்துரைக்க மாட்டோம். பையை இறக்கி வைத்தால் துப்பாக்கியும் போனது, குழந்தை கைக்கும் எட்டும்.

வீட்டில சின்னக் குழந்தை இருக்கு. ட்ரிகர் அவ்வளவு கஷ்டம்னா அதால இழுக்க முடியாதுதானே?

முடியும். இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தினால் போதும், அப்போது பேரல் அதன் முகத்தையே பார்த்திருக்கும். உடலில் இல்லாத நேரமெல்லாம் விரைவில் திறக்கும் பூட்டுப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். நீண்ட நாள் வைப்பதானால் சிலிண்டரைத் திறந்து சட்டத்தின் இடைவெளி வழியே கேபிள் பூட்டைக் கோர்த்துவிடுங்கள், மூடவே முடியாது. தோட்டா வேறு பூட்டில்.

சுத்தம் பண்ண என்ன? எண்ணெய் நிறைய விடலாமா?

கொஞ்சம் போதும். பாக்கெட் துப்பாக்கியின் எதிரி பஞ்சு, வியர்வை, அதிக எண்ணெய். வாரம் ஒருமுறை தோட்டாவை எடுத்துவிட்டு, ஒரு பழைய பல்துலக்கியால் நட்சத்திரத் தகட்டின் அடியையும் ஹேமர் வரும் துளையையும் துடையுங்கள். எஜெக்டர் கம்பி இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் திருகிப் பாருங்கள். இன்றைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அது இடது மரை, கவனம். அறைகளுக்குள் எண்ணெய் தெளிக்காதீர்கள், அது ப்ரைமருக்குள் ஊறித் தோட்டாவைச் சாகடிக்கும். கருமையூட்டிய சாதா எஃகு நம் வியர்வைக்குத் துருப்பிடிக்கும், வெயில் ஊரில் இருப்பவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகே நிம்மதி.

செகண்ட் ஹேண்ட் ஜே ஃபிரேம் கிடைக்குது. எதைப் பார்த்து வாங்கறது?

உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, காலி என்று உறுதிசெய்த பிறகு: ட்ரிகரை மிக மெதுவாக இழுங்கள். ஹேமர் விழும் முன்பே சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும், ஐந்து அறைக்கும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் தாமதமாகப் பூட்டினால் குண்டு பேரலின் வாயில் கோணலாக நுழையும். சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், தெளிவாக ஆடினால் தேய்மானம். திறந்து சுழற்றும்போது கம்பி நுனி தள்ளாடினால் வளைந்திருக்கிறது. பேரலுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்க்கையில் வளையம்போல் நிழல் தெரிந்தால், முன்பு சிக்கிய குண்டின்மேல் யாரோ இன்னொன்று சுட்டிருக்கிறார்கள். அது வேண்டாம்.

எங்க மாநிலத்தில பெர்மிட் இருக்கு. பக்கத்து மாநிலத்துக்கும், ஃபிளைட்லயும் எடுத்துட்டுப் போலாமா?

துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்வதற்கான பெர்மிட், ஓட்டுநர் உரிமம் செல்வதுபோல எல்லா மாநிலத்திலும் செல்லாது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்று பெர்மிட்டே வேண்டாம், சில மாநிலங்கள் வெளியூர் பெர்மிட் எதையும் ஏற்பதில்லை. வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமையை ஏற்று 2022இல் உச்ச நீதிமன்றம் தந்த புரூயென் தீர்ப்புக்குப் பிறகு நியூயார்க், நியூ ஜெர்சி போன்றவை பெர்மிட் கொடுத்தாலும், எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்ற பட்டியலை நீட்டியிருக்கின்றன. எல்லை தாண்டும் முன் அந்த மாநில அரசின் தளத்தைப் பாருங்கள். தபால் அலுவலகத்துக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் தடை உண்டு.

விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பையில் கூடவே கூடாது. தோட்டா எடுத்த நிலையில், பூட்டிய கடினப் பெட்டியில், சரக்காக அனுப்பும் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு முறையும் கவுன்ட்டரில் அறிவிக்க வேண்டும். தோட்டா அதற்கென்று செய்த பெட்டியில் இருக்க வேண்டும்.

ஊர்ல இதே மாதிரி வாங்க முடியுமா?

.38 ஸ்பெஷல் முடியாது. இந்தியாவில் .38 தடைசெய்யப்பட்ட அளவு. பொதுமக்களுக்கான உரிமத்தில் கிடைக்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32. அரசின் கான்பூர் தொழிற்சாலை நெடுநாளாக .32 செய்கிறது. 2014இல் சுமார் 500 கிராம் எடையில் 'நிர்பீக்' என்ற ரிவால்வரையும் கொண்டுவந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு ஆயுதம். அமெரிக்காவில் வாங்கியதை ஊருக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

துப்பாக்கியை இங்கேயே விட்டுட்டுத்தான் ஊருக்குப் போறேன். அப்போ பிரச்சினை இல்லையே?

பை எது என்பதைப் பொறுத்தது. சுடுதளத்துக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே பயணத்துக்கும் எடுத்து, மடிப்பில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவால் இந்திய விமான நிலையத்தில் மாட்டியவர்கள் உண்டு. ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகும். தெரிந்தே வைத்திருக்கவில்லை என்ற வாதத்தை ஏற்று நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளை ரத்துசெய்திருக்கின்றன. அதற்குள் டிக்கெட் போகும், விடுப்பு தீரும், வக்கீல் செலவு ஏறும்.

சுடுதளத்துக்கென்று ஒரு பையை ஒதுக்கி, அதை வேறு எதற்கும் தொடாதீர்கள். பயணத்துக்கு எடுக்கும் பையை முந்தின நாள் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள், ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து விரலால் மூலைவரை தடவுங்கள். கோட், ஜாக்கெட் பாக்கெட்டையும் பாருங்கள். காலிக் கூட்டை நினைவுப்பொருளாகச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தால் அதையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.